ரிம் தேய்ந்த ரோடு பைக்குக்குக் கட்டுப்படியாகும் விலையில் எந்தச் சக்கரம்?

சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கட்டை உரசும் பக்கச் சுவரின் மேல் ஒரு எஃகு ஸ்கேலைக் குறுக்காக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். புது ரிம்மில் ஸ்கேல் ஒட்டி நிற்கும். தேய்ந்த ரிம்மில் நடுவே குழிவு விழுந்து, அதன் வழியே வெளிச்சம் கசியும். பல ரிம்களில் தேய்மானம் காட்டவே ஒரு சிறு குழிப்புள்ளியோ, சுற்றிலும் ஓடும் கோடோ வெட்டியிருப்பார்கள். விரலால் தடவினால் அது தட்டுப்படவில்லை என்றால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. உள்ளிருந்து காற்று சுவரை வெளியே தள்ளுகிறது, வெளியிலிருந்து பிரேக் கட்டை அதைச் செதுக்குகிறது. 1 மிமீக்குக் கீழே மெலிந்த சுவர் ஒரு நாள் நீளவாக்கில் கிழியும். பிரேக் பிடிக்கையில் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் லீவர் 'டக்' என்று உதைத்தால், அடிபட்ட தடம் ஏதும் அங்கே இல்லையென்றால், சுவர் பிதுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதற்குப் பெண்டு எடுத்துப் பயனில்லை.

இங்கிருந்து நான்கு வழிகள் பிரிகின்றன. பழைய ஹப்பை (அச்சும் பால்ரஸும் இருக்கும் நடுப்பகுதி) வைத்துக்கொண்டு ரிம்மை மட்டும் மாற்றலாம். ஷிமானோ ஆர்எஸ்100 போன்ற அடிமட்ட ஆலைச் சக்கரம் ஒரு ஜோடி வாங்கலாம். இன்னும் கொஞ்சம் செலவழித்து காம்பக்னோலோ சோண்டா, ஃபுல்க்ரம் ரேசிங் 5 தரத்துக்குப் போகலாம். ஹப், ரிம், கம்பி எல்லாம் தனித்தனியாக வாங்கிப் பின்னச் சொல்லலாம். இவை தவிர, இணையத்தில் கண்ணைப் பறிக்கும் மலிவு கார்பன் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம். முன் பின் இரண்டும் ஒருசேரத் தேய்வது அபூர்வம் என்பதால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

முதலில் அளவு

தவறான சக்கரம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தரத்தில் ஏமாறுவதில்லை, அளவில்தான் ஏமாறுகிறார்கள். ரோடு பைக்கின் 700சி என்பது டயர் உட்காரும் இடத்தில் 622 மிமீ விட்டம். நம் ஊர்க் கடையில் '28 இன்ச்' என்று கேட்டால் கிடைப்பது பால்காரர் சைக்கிளின் 28 × 1½, அதாவது 635 மிமீ. பழைய இறக்குமதி சைக்கிள்களின் 27 இன்ச், 630 மிமீ. மூன்றும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் 25-622 என்று அச்சிட்டிருக்கும் அந்த இரண்டாவது எண்ணை மட்டும் நம்புங்கள்.

அடுத்தது பின் ஃபோர்க்கின் உள் இடைவெளி. ரிம் பிரேக் ரோடு பைக்கில் 130 மிமீ. டிஸ்க் பிரேக்கில் குயிக் ரிலீஸ் (நெம்பால் இறுக்கும் மெல்லிய அச்சு) என்றால் 135, 12 மிமீ த்ரூ ஆக்சில் (சட்டத்திலேயே திருகும் தடித்த அச்சு) என்றால் 142. ஆறேழு பல்லடுக்குக் காலத்துச் சட்டங்களில் 126 மிமீ இருக்கும். எஃகுச் சட்டமானால் பக்கத்துக்கு 2 மிமீ வீதம் விரித்து 130 ஆக்கிவிடலாம். அலுமினியத்தில் அந்த வேலை வேண்டாம், வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும்.

மூன்றாவதுதான் அதிகம் சறுக்கும் இடம்: கேசட் (பின் பற்சக்கரங்களின் அடுக்கு) ஏறும் ஃப்ரீஹப், அதாவது ஹப்பின் வலப்பக்கத்து உருளை. ஷிமானோவின் 11 வேக ரோடு ஃப்ரீஹப், 8, 9, 10 வேகத்துக்கானதைவிட 1.85 மிமீ நீளம். ஆகவே புதிய சக்கரத்தில் பழைய 8 வேக கிளாரிஸ், 9 வேக சோரா கேசட்டைப் போட முடியும், ஆனால் அடியில் 1.85 மிமீ ஸ்பேசர் ஒன்று வைக்க வேண்டும். 10 வேகக் கேசட் பலவற்றுக்கு அதோடு இன்னொரு 1 மிமீ. 7 வேகத்துக்கு 1.85 உடன் 4.5. இந்தத் தகட்டை மறந்தால், பூட்டு வளையத்தை எவ்வளவு இறுக்கினாலும் பற்சக்கரங்கள் கலகலக்கும். பலர் அதைக் 'கேசட் மோசம்' என்று எண்ணி இன்னொரு கேசட் வாங்குகிறார்கள். மறுபக்கம், பழைய 10 வேக ஃப்ரீஹப்பில் சாதாரண 11 வேக ரோடு கேசட் ஏறாது. ஷிமானோவின் 12 வேக ரோடு கேசட் 11 வேக ஃப்ரீஹப்பில் ஏறும். ஸ்ராமின் 10 பல்லில் தொடங்கும் 12 வேகத்துக்கு எக்ஸ்டிஆர் என்ற தனி உடல் வேண்டும். காம்பக்னோலோவின் பல் வடிவம் முற்றிலும் வேறு.

விலை குறைந்த 7 வேக வண்டிகள் சிலவற்றில் கேசட்டே இருக்காது. ஹப்பின் மரையில் திருகி ஏற்றிய ஃப்ரீவீல் இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பற்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவே கருவி செருகும் வளையமும் சேர்ந்து சுழன்றால் கேசட், அது அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்க பால்ரஸ் மிக உள்ளே தள்ளி இருப்பதால் அச்சு நீளமாக ஆதரவின்றி நீட்டிக்கொண்டு நிற்கும். பள்ளத்தில் இறங்கினால் வளையும், முறியும். அந்த ஹப்புக்குப் புது ரிம் போட்டுச் செலவழிக்க வேண்டாம்.

ரிம்மை மட்டும் மாற்றுவது

ஹப் நல்லதாக இருந்து, சக்கரத்தில் 32 அல்லது 36 கம்பி இருந்தால், எங்கள் முதல் ஓட்டு இதற்குத்தான். செலவு ஒரு ரிம், கம்பியை ரிம்மில் பூட்டும் நிப்பிள் ஒரு கைப்பிடி, பின்னுகிறவர் கூலி. ஹப் நல்லதா என்று பார்க்க, சக்கரத்தைக் கழற்றி அச்சை இரு விரலால் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். மணல் அரைபடுவது போல் இருந்தால் பிரித்துப் பார்க்க வேண்டும். ஷிமானோவின் கோன் (குண்டுகளைத் தாங்கும் கூம்பு நட்டு) வகை ஹப்பில் பின்னால் பக்கத்துக்கு 9 குண்டு, கால் அங்குலம். கோனில் குழி விழுந்திருந்தால் கோனை மாற்றிக்கொள்ளலாம். ஹப்போடு அழுத்திப் பொருத்திய கிண்ணத்தில் குழி விழுந்திருந்தால் ஹப்பையே கைவிட வேண்டியதுதான். ஓவராயில் செய்து திரும்பப் பூட்டும்போது நூலிழை ஆட்டம் விட்டுப் பூட்டுங்கள். குயிக் ரிலீஸை இறுக்கும்போது அச்சு அமுங்கி அந்த ஆட்டம் மறையும். ஆட்டமே இல்லாமல் பூட்டினால், வண்டியில் மாட்டியதும் பால்ரஸ் நசுங்கும்.

புது ரிம் தேடும்போது ஒரே ஒரு எண்தான் முக்கியம். ஒரு நிப்பிள் உட்காரும் இடத்திலிருந்து எதிர் நிப்பிள் உட்காரும் இடம் வரையான விட்டம். கேட்லாக்கில் ஈஆர்டி என்று போட்டிருக்கும். பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் 2 மிமீக்குள் இருந்தால் பழைய கம்பிகளே போதும், ஏனென்றால் கம்பி நீளத்தில் அது 1 மிமீதான். அதற்கு மேல் போனால் கம்பியும் புதிது வேண்டும். ஏற்கெனவே இரண்டு மூன்று கம்பி முறிந்த சக்கரம் என்றாலும் எல்லாக் கம்பியையும் மாற்றிவிடுங்கள். மீதிக் கம்பிகளும் அதே களைப்பில்தான் இருக்கின்றன.

வேலை இப்படி. எல்லா நிப்பிளையும் வரிசையாகச் சுற்றிவந்து தளர்த்துங்கள். ஒரே இடத்தில் முழுதாகத் தளர்த்தினால் ரிம் முறுக்கிக்கொள்ளும். புது ரிம்மைப் பழையதன் மேல் படுக்க வைத்து, வால்வு ஓட்டைகள் நேர்நேராக வரும்படி நாலைந்து இடத்தில் டேப் சுற்றுங்கள். சுற்றும் முன் ஒரு விஷயம் கவனியுங்கள். ரிம்மின் ஓட்டைகள் நட்ட நடுவில் இருப்பதில்லை. ஒன்று இடமாக, அடுத்தது வலமாக, மாறி மாறி ஒதுங்கியிருக்கும். வால்வுக்கு அடுத்த ஓட்டை பழையதில் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதோ, புதியதிலும் அதே பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் புது ரிம்மை ஒரு ஓட்டை தள்ளி வையுங்கள். வால்வுக்கு அருகே பம்புத் தலை நுழைய இடம் கொஞ்சம் குறுகும், வேறு கெடுதல் இல்லை. ரிம்மைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது, திருப்பினாலும் வரிசை அதேதான்.

பிறகு ஒவ்வொரு கம்பியாகப் பழைய ரிம்மிலிருந்து புதியதற்கு மாற்றி, மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பித்தளை நிப்பிளில் மூன்று சுற்று மட்டும் ஏற்றுங்கள். அலுமினிய நிப்பிள் வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாராவாரம் ஓட்டுகிறவர்களின் சக்கரங்களில், உப்புக்காற்றில் அலுமினிய நிப்பிள் கம்பியோடு இறுகிப்போய், சாவி போட்டால் மூலை மழுங்கிச் சுற்றும். மிச்சப்படுவது ஒரு சக்கரத்துக்கு 20 கிராம் சொச்சம்.

எல்லாம் ஏறிய பின் நடு, கோட்டம், வட்டம், இறுக்கம் நான்கையும் சிறுகச் சிறுகச் சேர்த்தே கொண்டுவர வேண்டும். பின் சக்கரத்தின் வலப்பக்கக் கம்பிகள் 100 முதல் 120 கிலோ விசை வரை இறுகலாம். உச்ச அளவை ரிம் தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். கேசட்டுக்கு இடம் விட வலப்பக்கக் கம்பிகள் நிமிர்ந்து நிற்பதால், இடப்பக்கத்தில் அதில் பாதியளவே இருக்கும். இந்த வேறுபாட்டில்தான் பின் சக்கரத்தின் அத்தனை தொல்லையும் இருக்கிறது. தரையைத் தொடும் இடத்துக்கு மேலுள்ள கம்பி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தளர்கிறது. ஏற்கெனவே தளர்ந்த இடக்கம்பி அப்போது முழுதாகத் தொய்ந்து, அடுத்த கணம் சொடுக்கி இழுக்கப்படும். லட்சக்கணக்கான முறை இப்படி நடந்து, ஹப்பின் ஓட்டையில் வளையும் கழுத்தில் முறியும். 'கம்பி இறுக்கமாக இருந்ததால் முறிந்தது' என்று சொல்வார்கள். பெரும்பாலும் உண்மை அதற்கு நேர் எதிர். கடைசியில் அடுத்தடுத்த இணைக் கம்பிகளை இரு கையாலும் சேர்த்துப் பிடித்து அழுத்தி, மீண்டும் கோட்டம் பாருங்கள். இந்தப் படியைச் செய்யாமல் விட்ட சக்கரம் முதல் சவாரியிலேயே 'பிங், பிங்' என்று சத்தம் போட்டுக் கோணிக்கொள்ளும்.

இந்த வழிக்கு ஒரே தடை ரிம் கிடைப்பது. வெளிநாட்டிலிருந்து ஒற்றை ரிம் வரவழைத்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். உள்ளூரில் 32 ஓட்டை, இரட்டைச் சுவர், 622 ரிம் கிடைத்தால் பிராண்ட் பார்க்காமல் எடுக்கலாம். பக்கச் சுவர் இயந்திரத்தில் சீவியதா, ரிம் பொருத்து துருத்தாமல் இருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். வரவழைத்தே ஆக வேண்டும் என்றால் டிடி ஸ்விஸ் ஆர் 460 நல்ல கணக்கு: எடை சுமார் 460 கிராம், உள்ளகலம் 18 மிமீ, 25, 28 மிமீ டயர்களுக்குப் பொருத்தம்.

ஆலைச் சக்கரங்கள்

ஹப்பும் போய்விட்டது, ஊரில் பின்னத் தெரிந்தவரும் இல்லை என்றால் ஆர்எஸ்100 போன்றது நேர்மையான சரக்கு. ஜோடி எடை 1.9 கிலோவை ஒட்டி, ரிம் உயரம் 24 மிமீ, முன்னால் 20 கம்பி, பின்னால் 24. கோன் வகை ஹப். வருடம் ஒருமுறை, மழையில் ஓட்டினால் மழை முடிந்ததும் ஒருமுறை, கிரீஸ் மாற்றினால் பல வருடம் உழைக்கும். வண்டியோடு வந்த சக்கரத்தைவிட இது எடை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இதில் வாங்குவது ஒழுங்காக இறுக்கிய, நேரான ஒரு ஜோடிச் சக்கரம், அவ்வளவே. ஓட்டுபவரும் பையும் சேர்ந்து 85 கிலோ தாண்டினால் பின்னால் 24 கம்பியை எங்களால் மனமொப்பிச் சொல்ல முடியாது.

அதைவிட இரு மடங்குக்கு மேல் விலை போகும் சோண்டாவில் கொடுத்த காசுக்குப் பொறியியல் இருக்கிறது. ஜோடி 1,540 கிராம் அளவு. பின்னால் 21 கம்பி: வலப்பக்கம் 14, இடப்பக்கம் 7. எண்ணிக்கையைப் பாதியாக்கியதால் இடக்கம்பி ஒவ்வொன்றும் இரு மடங்கு இறுக்கத்தில் நிற்கிறது. மேலே சொன்ன தொய்வுத் தொல்லை ஏறக்குறைய தீர்கிறது. ஃபுல்க்ரமின் கம்பி வரிசையும் இதே கணக்குத்தான். சோண்டாவின் ரிம் வெளிச்சுவரில் கம்பி ஓட்டையே கிடையாது, அதனால் ரிம் டேப் வேண்டாம். நிப்பிளை வால்வு ஓட்டை வழியே போட்டுக் காந்தத்தால் இழுத்துக் கொண்டுவர வேண்டும்.

ஆனால் 21 கம்பியில் ஒன்று முறிந்தால் அந்த இடத்தில் ரிம் சட்டத்தில் உரசும் அளவுக்கு ஒதுங்கிவிடலாம். 32 கம்பிச் சக்கரத்தில் ஒன்று முறிந்தால், பிரேக்கின் சிறு நெம்பைத் திறந்துவிட்டு வீடு வரை ஓட்டலாம். மாற்றுக் கம்பியும் சைக்கிள் கடையில் கிடைக்கும் சாதாரணக் கம்பியல்ல, அந்த மாடலுக்கென்றே வருவது. 600 கிமீ பிரவேயில் (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தொலைவுச் சவாரி) 40 மணி நேரம்தான் கெடு. விடியற்காலை மூன்று மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் அந்தக் கம்பிக்கு எங்கே போவது? நெடுந்தொலைவு ஓட்டுகிறவர் இந்த விலைக்கு 32 கம்பியில் பின்னிய பின் சக்கரமும் 28 கம்பியில் முன் சக்கரமும் எடுப்பதே சரி. ஞாயிறு காலை நண்பர்களோடு 80 கிமீ போய்வருகிறவர் சோண்டாவைத் தாராளமாக வாங்கலாம்.

பழையதாக விற்பனைக்கு வரும் மாவிக் அக்சியம் பற்றியும் ஒரு சொல். உறுதியான சக்கரம்தான், ஆனால் ஸ்கேல் சோதனை செய்யாமல் காசு கொடுக்காதீர்கள். பல மாவிக் ஹப்களில் ஃப்ரீஹப்பின் உட்பக்கம் பிளாஸ்டிக் புஷ்ஷில் சுழல்கிறது. எண்ணெய் வற்றினால் மிதிக்காமல் இறங்கும்போது ஊரைக் கூட்டும் கீச்சொலி வரும். பிரித்துத் துடைத்து மெல்லிய மினரல் எண்ணெய் சில சொட்டு விட்டால் அடங்கும். கிரீஸ் வைத்தால் உள்ளே கொக்கிகள் ஒட்டிக்கொண்டு, மிதிக்கும்போது பிடி விடும்.

புதிதாகப் பின்னுவது

ரிம், ஹப், கம்பி மூன்றையும் தேர்ந்தெடுத்துப் பின்னச் சொல்லும்போது ஹப்பில்தான் குழப்பம். ஷிமானோ 105, டியாக்ரா தரத்து 32 ஓட்டை ஹப்பில் குண்டும் கோனும், பராமரித்தால் நீடிக்கும். நோவடெக், பிடெக்ஸ் போன்ற தைவான் ஹப்களில் அடைப்பு பேரிங். அது போனால் பக்கத்தில் பொறித்த 6902 போன்ற எண்ணைப் பார்த்து எந்த பேரிங் கடையிலும் வாங்கலாம்; எண்ணோடு 2ஆர்எஸ் இருக்கட்டும், இருபுறமும் ரப்பர் மூடி என்று அர்த்தம். ஆனால் அவற்றின் அலுமினிய ஃப்ரீஹப்பில் கேசட்டின் தனித்தனி எஃகுப் பற்கள் பதிந்து வடு விழும்; பிறகு கேசட்டைக் கழற்றத் தட்டித்தான் எடுக்க வேண்டும். எஃகுத் தகடு பதித்த ஃப்ரீஹப் கிடைத்தால் அதைக் கேளுங்கள். கம்பி 2.0-1.8-2.0 மிமீ, அதாவது நடுவில் மெலிந்தது. மெலிந்த நடுப்பகுதி மீள்தன்மையோடு அசைவை வாங்கிக்கொள்வதால் கழுத்து முறிவது குறையும். முழுக்க 2.0 மிமீ கம்பி மலிவு, ஆனால் உறுதியானது என்று நினைத்து வாங்க வேண்டாம்.

எடையும் காற்றும்

மலிவுச் சக்கரத்துக்கும் சோண்டாவுக்கும் 350 கிராம் வித்தியாசம். ஆளும் வண்டியும் 80 கிலோ என்றால் அது 0.44 சதவீதம். ஒரு மணி நேரம் ஏறும் மலையில் 16 விநாடி மிச்சம். 'சுற்றும் எடை இரு மடங்கு' என்பது வேகம் கூட்டும் கணத்துக்கு மட்டும். ஒரே சீராக ஏறும்போது கிராமுக்குக் கிராம்தான். அந்தப் பணத்தில் ஒரு பங்கை நல்ல டயர் ஒரு ஜோடியில் போட்டால் கிடைக்கும் வேகம் எந்த மலிவுச் சக்கர மாற்றத்திலும் கிடைக்காது. தடித்த பயிற்சி டயரோடு சோண்டா ஓட்டுவது பட்டு வேட்டிக்குக் கோணிச் சட்டை.

மலிவு கார்பன்? ரிம் பிரேக் வண்டிக்கு, மலையிறங்கும் எண்ணம் இருந்தால், வேண்டாம். அலுமினியம் பிரேக் சூட்டைச் சட்டென்று காற்றுக்குக் கடத்தும். கார்பன் கடத்தாது, சூடு ஒரே இடத்தில் தேங்கிப் பிசின் இளகும், உள்ளே காற்றழுத்தமும் ஏறும், சுவர் பிதுங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்குகிறவருக்கு இது ஏட்டுக் கணக்கல்ல. டிஸ்க் பிரேக்கில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது ரிம்மில் டயர் பிடிக்கும் கொக்கி விளிம்பு இருக்கிறதா என்பது. கொக்கியில்லாத ரிம்மில் அழுத்தம் 5 பாருக்கு மேல், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐக்கு மேல் கூடாது. டயரும் அந்த ரிம்முக்கு ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். 100 பிஎஸ்ஐ அடித்துப் பழகிய கைக்கு இது ஆபத்து. டிஸ்க் வண்டியில் ரிம் தேய்வதும் இல்லை என்பதால், பெரும்பாலும் பேரிங் மாற்றிக் கம்பி இறுக்கினாலே பழைய சக்கரம் மீண்டும் ஓடும்.

மாட்டிய பின்

புது ரிம் பழையதைவிட அகலமாக இருக்கும் என்பதால் பிரேக் கேபிளைத் தளர்த்தி, கட்டையின் உயரத்தையும் கோணத்தையும் புதிதாக வையுங்கள். கட்டை டயரைத் தொட்டால் ஒரே சவாரியில் டயர் சுவரை அறுத்துவிடும். அகல ரிம்மில் 25 மிமீ டயர் 26, 27 என்று விரியும்; பிரேக்குக்கும் சட்டத்துக்கும் 4 மிமீ இடைவெளி மிஞ்சுகிறதா பாருங்கள். கேசட் பூட்டு வளையத்தை 40 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தில் பூட்டுங்கள். கேசட் நூலிழை நகர்ந்திருக்கும், எனவே டிரெய்லியரின் (சங்கிலியைப் பல் மாற்றும் கருவி) உள் எல்லைத் திருகைச் சரிபார்க்காமல் பெரிய பல்லுக்கு மாற்றாதீர்கள். டிரெய்லியர் கம்பிக்குள் போனால் புதுச் சக்கரம் அன்றே முடிந்தது. 150 கிமீ ஓடிய பின் ஒவ்வொரு கம்பியையும் தந்தி மீட்டுவது போல் விரலால் சுண்டிக் கேளுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி.

பின் சக்கரத்தில் வலமும் இடமும் பெரும்பாலும் வெவ்வேறு நீளம், முன் சக்கரம் இன்னொரு நீளம். பின்னியவரிடம் அன்றே மூன்று நீளத்திலும் இரண்டிரண்டு கம்பி, நிப்பிளோடு வாங்கி, நீளத்தை ஒரு துண்டு டேப்பில் எழுதிச் சுற்றி, சங்கிலிப் பக்கத்துச் சட்டக் குழாயின் அடியில் ஒட்டிவிடுங்கள். வலப்பக்கக் கம்பி முறிந்தால் கேசட்டைக் கழற்றாமல் புதியதை நுழைக்க முடியாது, ஆகவே கேசட் சாவியும் பையில் இருக்கட்டும்.